ஜான்சி ராணிப் படையைத் திரைக்கும் மேடைக்கும் கொண்டுவருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரைக்கதையாசிரியர்களே, நாடக இயக்குநர்களே, உடை, கலைப் பொறுப்பில் இருப்போரே,

வணக்கம். ஜான்சி ராணிப் படை என்பது சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த பெண்கள் படை. அதன் வரலாற்றைத் தொகுத்துவருகிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்த மண்ணில் சீருடை அணிந்த இந்தியப் பெண்களைப் பற்றி எழுத உட்காரும் எவரும் முதலில் பிடிப்பது அந்தப் படையின் தளபதி டாக்டர் லட்சுமியையும், பிற்பாடு அவர் மணந்த ராணுவ அதிகாரி பிரேம் சேகலையும்தான். பிடிப்பதில் தவறில்லை. அதற்கு அப்புறம்தான் வண்டி தடம் புரள்கிறது. சிங்கப்பூர் முகாமில் அணிவகுப்பு, கண்ணும் கண்ணும் சந்திப்பு, ஒரு பாட்டு. அடுத்து இம்பால் போர்க்களத்தில் நாயகி துப்பாக்கியோடு பாய்கிறாள். பிறகு செங்கோட்டை வழக்கில் பார்வையாளர் வரிசையில் அவள் கண்ணீர், கடைசியில் மேளதாளத்தோடு கல்யாணம். இதில் ஒவ்வொரு காட்சியும் இடமோ காலமோ மாறிக் கிடக்கிறது.

காதலை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. அதை அது நடந்த காலத்தில் வையுங்கள் என்கிறோம். அந்தக் கதையின் பெரிய திருப்பங்களில் இருவரும் ஒரே ஊரில்கூட இல்லை. நீங்கள் கஷ்டப்பட்டுக் கற்பனை செய்கிற எந்தப் பிரிவையும்விட அது வலுவான நாடகம்.

ஆளிலிருந்தே தொடங்கலாம். லட்சுமியைப் பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பெண்ணாகக் காட்டாதீர்கள். 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தவர். 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, மகப்பேறு மருத்துவத்தில் பட்டயமும் பெற்று, 1940-இல் சிங்கப்பூர் போனார். அங்கே ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். போவதற்கு முன்பே ஒரு திருமணம் ஆகி, அது நிலைக்கவில்லை. இதை மறைத்தால்தான் நாயகிக்கு மரியாதை என்று நினைக்கிற தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அந்த முடிவை எடுக்கத் துணிந்த பெண்தான் பிறகு துப்பாக்கியையும் எடுத்தார் என்பது அவர்களுக்குப் புரிவதில்லை. 1943 ஜூலையில் அவருக்கு வயது 28. பிரேம் 1917-இல் பிறந்தவர், அவரைவிட இரண்டரை வயது இளையவர். இன்னொன்று: 1947 மார்ச் வரை அவர் லட்சுமி சுவாமிநாதன். 1943-இல் நடக்கும் காட்சியில் மேசைமேல் 'லட்சுமி சேகல்' என்று பெயர்ப்பலகை வைத்தால் கதையின் முடிவை நீங்களே முதல் பாதியில் உளறிவிடுகிறீர்கள்.

1943 ஜூலையை நாள்வாரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2-ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்கிறார். 4-ஆம் தேதி கத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்கிறார். 5-ஆம் தேதி படாங் திடலில் ராணுவ அணிவகுப்பைப் பார்வையிடுகிறார். 9-ஆம் தேதி பொதுக்கூட்டத்தில் பெண்கள் படை வேண்டும் என்கிறார். 12-ஆம் தேதி பெண்கள் கூட்டத்தில் இருபது பெண்கள் ரைஃபிள் ஏந்தி அவருக்கு மரியாதை அணிவகுப்பு தருகிறார்கள். ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த இருபது பேரும் கட்டியிருந்தது சேலை. சீருடை பிற்பாடு வந்தது. உங்கள் உடைப்பட்டியலில் முதல் நாளே காக்கி ஏறிவிடுவதால், அந்தக் காட்சியில் இருக்கவேண்டிய அவசரமும் தடுமாற்றமும் போய்விடுகின்றன. சேலைத் தலைப்பு தோளிலிருந்து நழுவும். ரைஃபிளின் கட்டை அதன்மேலேயே சறுக்கும். இரண்டு கையும் துப்பாக்கியில் இருப்பதால் தலைப்பை இழுத்துவிடவும் முடியாது. நடிகைகளுக்கு நிஜ எடையைக் கொடுத்துவிட்டால் இதையெல்லாம் நீங்கள் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

எடை என்ற பேச்சு வந்ததால் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். அதிகம் சொதப்புவது அங்கேதான்.

அது ஆங்கிலேயப் படை பயன்படுத்திய .303 லீ-என்ஃபீல்டு. குண்டு போடாமல் ஏறத்தாழ 4 கிலோ. நீளம் 113 சென்டிமீட்டர். சனியன் என்பது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. பழைய வகைச் சனியனின் அலகு மட்டும் 43 சென்டிமீட்டர். மாட்டினால் மொத்தம் 156. ஐந்தடிப் பெண்ணின் உயரம் 152. அதாவது சனியன் மாட்டிய துப்பாக்கி அவள் தலையைத் தாண்டி நிற்கும். நாடகக் குழுக்கள் செய்யும் மரத்துப்பாக்கி ஒன்றரைக் கிலோகூடத் தேறாது. நடிகைகள் அதைத் துடைப்பம்போல வீசி ஆடுவார்கள். குழலுக்குப் பதில் இரும்புக் குழாய் வையுங்கள். கட்டைக்குள் துளை போட்டு ஈயக் குண்டு நிரப்பி 4 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். நிரப்பியபின், தோட்டா அறைக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் வைத்துப் பாருங்கள். அங்கே சமநிலை வரவில்லையென்றால் பின்பக்கம் ஈயம் அதிகம், குறையுங்கள். பத்து நிமிடம் தோளில் வைத்து நின்றாலே கழுத்து நரம்பு தானாகப் புடைக்கும்.

சுடும் காட்சியில் வரிசையாக 'டப் டப் டப்' என்று சுட முடியாது. ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாளின் பிடியை மேலே தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, கீழே அழுத்த வேண்டும். இந்தத் துப்பாக்கியில் தோட்டாவை அடிக்கும் ஊசியின் வில் முன்னே தள்ளும்போதுதான் இறுகும். ஆகவே கடைசித் தள்ளலுக்குத்தான் பலம் வேண்டும். புதிதாகப் பழகுபவர் பாதித் தள்ளலில் நின்றுவிடுவார். அறையில் பத்துத் தோட்டா கொள்ளும். ஐந்தைந்தாகக் கோத்த இரும்புப் பட்டை வழியாக மேலிருந்து அழுத்தி ஏற்றுவார்கள். அந்தத் தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்று மற்றதைப் பிடித்துக்கொண்டு, இரண்டும் சிக்கி நிற்கும். பயிற்சிக் காட்சியில் நகைச்சுவைக்காகப் பெண்கள் கண்ணை மூடிச் சுடுவதாகக் காட்டுகிறீர்களே, அதற்குப் பதில் இந்தச் சிக்கலைக் காட்டுங்கள். ஆண் சிப்பாய்க்கும் இது நடந்தது. அதனால் அதில் பெண்களைக் கேலி செய்கிற வாடையும் இருக்காது. கட்டையைத் தோள்குழியில் இறுக்கிப் பிடிக்காவிட்டால் பின்னுதை காறை எலும்பில் இறங்கும். மறுநாள் காட்சியில் அங்கே ஒரு நீலத் தழும்பு வைக்க ஒப்பனைக்காரரிடம் சொல்லிவையுங்கள்.

முகாம் திறந்தது 1943 அக்டோபர் 22, வாட்டர்லூ தெருவில். முந்தைய நாள்தான் கத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. லட்சுமி அதில் மகளிர் துறைக்கு அமைச்சர். முகாமில் சேர வந்த பெண்ணுக்குத் தந்தையின் சம்மதக் கையெழுத்து வேண்டும், மணமானவள் என்றால் கணவனுடையது. வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்து சேரும் நாயகி எழுத எளிது. ஆனால் அந்தக் கையெழுத்தை வாங்க வீட்டுக்குள் நடந்த சண்டைதான் உண்மையான காட்சி. படையில் சேர்ந்தவர்களில் ஜானகி தேவருக்கு அப்போது வயது 18, ராசம்மாவுக்கு 16. அந்த வயதுப் பெண்ணைப் படைக்கு அனுப்பச் சம்மதித்த தாய் தந்தையரை நினைத்துப் பாருங்கள். அந்தக் காட்சியை எழுத நல்ல வசனகர்த்தா வேண்டும்.

அப்புறம் வெளிச்சம். ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூருக்கு சியோனான் என்று பெயர், கடிகாரம் டோக்கியோ நேரம். பழைய நேரத்திலிருந்து ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்துவிட்டார்கள். விளைவு, அக்டோபரில் சூரியன் உதிக்கும்போது கடிகாரம் ஏழே முக்காலைக் காட்டும். காலை ஆறு மணிக்கு எழுப்பும் காட்சியில் சன்னல் வழியே பொன்னொளி பாய்ந்தால் தவறு. அது கும்மிருட்டு. கையில் புழங்கும் பணமும் ஜப்பானியர் அச்சிட்டது. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருக்கும். தட்டில் சோறு குறைவு, மரவள்ளிக்கிழங்கு அதிகம். கொடிக்கம்பத்தில் அசோகச் சக்கரம் ஏற்றாதீர்கள், அது 1947 ஜூலை 22-இல்தான் வந்தது. அதுவரை மூவர்ணத்தின் நடுவே ராட்டை.

படையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். அவர்களோடு நகரத்துப் பள்ளியில் ஆங்கிலம் படித்த பெண்களும் இருந்தார்கள். விடியற்காலைப் பயிற்சியில் தோட்டத்துப் பெண் மயங்கி விழுவதாகவும் நகரத்துப் பெண் தாங்கிப் பிடிப்பதாகவும் எழுதுகிறவர்கள், பால்மரம் வெட்டும் வேலையை ஒருநாள் விசாரித்தால் போதும். குளிர்ச்சி இருக்கும்போதுதான் மரம் பால் நன்றாகச் சுரக்கும். அதனால் விடியுமுன் பெரட்டு என்கிற ஆள்கணக்கு, மேற்பார்வை பார்க்கும் கங்காணி பேர் கூப்பிட்டு முடித்ததும் இருட்டோடு இருட்டாக உளியோடு மரத்தடிக்கு. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் வளர்ந்தவளுக்கு வரிசையில் நின்று பேருக்குக் குரல் கொடுப்பதும் புதிதல்ல, பாரம் சுமப்பதும் புதிதல்ல. திணறியவர்கள் யார் என்று நீங்களே யூகிக்கலாம். அவளுக்குப் புதிதாக இருந்தது மொழி. ஆணைகள் இந்துஸ்தானியில். எழுத்துப்பாடம் ரோமன் எழுத்தில். தமிழே எழுதப் படிக்கத் தெரியாத பெண் மாலையில் வகுப்பில் உட்கார்ந்து அதைக் கற்றாள். ஆகவே அணிவகுப்பில் செந்தமிழ் ஆணை கொடுக்காதீர்கள். அணி கலைந்தபின் அவர்களுக்குள் பேச்சு தோட்டத்துத் தமிழ், அங்கே மதுரைத் தமிழும் எடுபடாது.

இனி முகாமுக்குள் காதல். ஆண் பயிற்சியாளர்கள் பயிற்சி நேரத்தில் வந்து போனவர்கள். மற்ற நேரத்தில் உள்ளே அதிகாரம் பெண்களுடையது. நிலவொளியில் வேலிதாண்டிக் குதிக்கும் நாயகனுக்கு அங்கே இடமில்லை. லட்சுமியும் பிரேமும் பார்த்துக்கொள்ள நியாயமான இடம் எது என்றால், தலைமையகம். பிரேம் 2/10 பலூச் படைப்பிரிவின் கேப்டனாகச் சிங்கப்பூரில் போர்க்கைதியாகி, பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, போஸின் ராணுவச் செயலாளராக இருந்தவர். லட்சுமி அமைச்சர், படைத்தளபதி. கோப்பு, கூட்டம், பயண அனுமதி, மருந்துப் பட்டியல் எல்லாவற்றுக்கும் இருவர் வேலையும் ஒரே மேசையைத் தொட்டுச் செல்லும். இரண்டு அதிகாரிகள் வேலை நடுவே ஒருவரையொருவர் மதிக்கக் கற்றுக்கொள்வதைக் காட்டத் தெரிந்த இயக்குநருக்கு அந்த மேசை போதும். அவர்கள் வாயில் நீங்கள் எழுதும் காதல் வசனத்தை வைக்கவேண்டாம் என்பது எங்கள் கண்டிப்பான வேண்டுகோள். நெருக்கமான வசனம் தேவையென்றால் கற்பனைப் பெயரில் வேறொரு ஜோடியை உருவாக்குங்கள். போஸையும் ஏதாவது ஒரு ராணியையும் (படையின் பெண்களை அப்படித்தான் அழைக்கிறோம்) இணைத்துக் கிசுகிசுக்கும் பிரதிகளை அப்படியே குப்பையில் போடலாம்.

காதல் கடிதக் காட்சி வேண்டுமா? சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குத் தபால் போகாது, நடுவே போர்முனை. மகள் என்ன செய்கிறாள் என்று வீட்டாருக்கு எழுத வழியில்லை. கடித உறையில் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) தபால்தலை ஒட்டுவதும் கூடாது. ஜெர்மனியில் அச்சிட்ட அந்தத் தலைகள் புழக்கத்துக்கே வரவில்லை.

1944-இல் பர்மாவுக்குப் போகும் ரயில் பயணத்தை இரண்டு நிமிடப் பாட்டில் கடக்காதீர்கள். சயாம்-பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் அதைப் போட்டு, காலராவிலும் பசியிலும் மடிந்தார்கள். அதே தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள் சீருடையோடு, ஜப்பானியரின் கூட்டாளிப் படையாக, அதே தண்டவாளத்தின்மேல் போகிறார்கள். அப்பனோ மாமனோ அங்கே புதைந்திருக்கலாம். இந்த முரணை மழுப்பாமல் வையுங்கள். படையைக் கொச்சைப்படுத்துவதாகாது. அவர்கள் எதன்மேல் நடந்தார்கள் என்று காட்டுவதாகும்.

பர்மாவில் அவர்கள் மேமியோ வரை வந்தார்கள். கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே உள்ள மலையூர், இரவில் குளிரும். இம்பால் விழுந்ததும் வங்கத்துக்குள் நுழையும் அணியில் அவர்களை முன்னிறுத்துவது போஸின் திட்டம். இம்பால் விழவில்லை. ஆகவே ராணிகள் இம்பாலிலோ கொகிமாவிலோ போரிட்டதாகக் காட்டுவது பொய். 1944 ஜூலையில் பின்வாங்கல் தொடங்கி, மலேரியாவும் வயிற்றுக்கடுப்புமாக எலும்பும் தோலுமாய்த் திரும்பிய வீரர்களுக்கு மேமியோ மருத்துவமனையில் பணிவிடை செய்தார்கள். அந்த மருத்துவமனை குண்டுவீச்சுக்கும் ஆளானது. துப்பாக்கி பிடிக்கப் பழகி, சண்டைக்கு ஏங்கி நிற்கும் பெண்ணின் கையில் கழிவுச்சட்டியைக் கொடுத்தால் அவள் முகம் எப்படி இருக்கும்? ஒரு நல்ல நடிகைக்கு இதைவிட என்ன வேண்டும்?

பின்வாங்கல்கள் இரண்டு. இரண்டையும் ஒரே மழையில் கலக்காதீர்கள். முதலாவது, மேலே சொன்ன 1944 ஜூலை, கொட்டும் பருவமழை, சேறு, அட்டை. இரண்டாவது, ரங்கூனிலிருந்து 1945 ஏப்ரல் 24 இரவு. பருவமழைக்கு முந்திய புழுக்கம். போஸும் ஏறத்தாழ நூறு ராணிகளும் பெகு, வாவ், சிட்டாங் ஆறு, மௌல்மீன் வழியே பாங்காக்கை நோக்கிப் போகிறார்கள். ஜானகி தேவர் அவர்களோடு இருந்து வழிநடத்தினார். ஏறத்தாழ மூன்று வாரம். பகலில் விமானத்துக்கு அஞ்சி மரத்தடியில் பதுங்கல், இரவில் நடை. விளக்கு கிடையாது, சிகரெட் நெருப்புகூட ஆகாது. லாரிகள் வழியில் கைவிடப்பட்டன. ஒப்பனையில் முகத்துக்குக் கரி பூசுவதைவிடக் காலைக் கவனியுங்கள். ஆறு கடந்து நனைந்த காலுறையோடு நடந்தால் ஊறிய தோல் குதிகாலில் உரசிக் கொப்புளமாகும், உடைந்து சீழ் வைக்கும். மூன்றாம் இரவுக்குமேல் யாரும் நிமிர்ந்து நடக்கமாட்டார்கள், பாதத்தின் வெளியோரத்தில் ஊன்றித்தான் நடப்பார்கள். தாயகம் திரும்பும் வழியில் ரயில் தாக்கப்பட்டு ராணிகள் இருவர் உயிரிழந்தது தனி நிகழ்ச்சி, அதையும் இந்த நடையோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

லட்சுமி அந்த நடையில் இல்லை. பர்மாவிலேயே தங்கி, மலைப்பகுதியில் ஆங்கிலேயர் பிடியில் சிக்கினார். பிரேம் போப்பா மலை வட்டாரத்தில் தன் படைப்பிரிவோடு போரிட்டு, 1945 ஏப்ரல் 28 அன்று சரணடைந்தார். ஆக ஒருவர் இருக்கும் இடம் மற்றவருக்கு எட்டாத தூரம். 1945 நவம்பர் 5 அன்று செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், குர்பக்ஷ் சிங் தில்லான், பிரேம் சேகல் மூவர்மேலும் வழக்குத் தொடங்குகிறது. பேரரசருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றம். புலாபாய் தேசாய் வாதாடுகிறார். நாடே கொதிக்கிறது. தூக்குக்கயிறு நிழலாடிய அந்த வாரங்கள் முழுவதும் லட்சுமி பர்மாவில் காவலில். பார்வையாளர் வரிசையில் அவரை உட்காரவைத்து நீங்கள் எடுக்கும் நெருக்கக் காட்சி அந்த இடத்தில் இல்லாமல் போனவரின் தவிப்பைத் தின்றுவிடுகிறது. டிசம்பர் 31-இல் நாடுகடத்தும் ஆயுள் தண்டனை. 1946 ஜனவரி 3-இல் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையைத் தள்ளுபடி செய்ததும் விடுதலை. லட்சுமி இந்தியா திரும்பியது மார்ச்சில்தான். விடுதலைக் காட்சியில் ஓடிவந்து கட்டிப்பிடிக்க அவர் அங்கே இல்லை.

திருமணம் அதற்கும் ஓராண்டு கழித்து, 1947 மார்ச், லாகூர். பிரேம் பஞ்சாபி, அவர் தந்தை அச்ரு ராம் நீதிபதி. சுற்றம் அங்கே. இந்த மாதத்தைக் கவனியுங்கள். மார்ச் 2-ஆம் தேதி பஞ்சாப் முதல்வர் கிசர் ஹயாத் பதவி விலகுகிறார். 4-ஆம் தேதியிலிருந்து லாகூரில் கலவரம். தீவைப்பு, கத்திக்குத்து, கடையடைப்பு. அந்தப் பின்னணியில்தான் சென்னைத் தமிழ்-மலையாளக் குடும்பத்துப் பெண் பஞ்சாபி இந்துவை மணக்கிறார். குதிரைமேல் மாப்பிள்ளை, இருநூறு நடனக்காரர்கள், வாணவேடிக்கை என்று செலவுத் திட்டத்தில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அந்தப் பணத்தைத் தெருவுக்கு ஒதுக்குங்கள். ஆளில்லாத கடைத்தெரு, இறக்கிய கதவுகள், தூரத்தில் புகை. ஐந்து மாதத்தில் லாகூர் வேறு நாடாகிவிட்டது. இருவரும் கான்பூரில் குடியேறினார்கள். அங்கே அகதிகளாக வந்தவர்களுக்கு அவர் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

பிரதி கையில் இருப்பவர்கள் படப்பிடிப்புக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதலில் தேதி, அடுத்து லட்சுமி இருந்த ஊர், மூன்றாவதில் பிரேம் இருந்த ஊர். 1943 ஜூலையிலிருந்து 1947 மார்ச் வரை நிரப்புங்கள். இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் ஒத்துப்போகாத வரியில் இருவரையும் ஒரே சட்டகத்தில் வைத்திருந்தால், அந்தக் காட்சியைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். கற்பனை ஜோடியின் காட்சிகள் எவை என்று தொடக்க எழுத்தில் தெளிவாகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ராணிப் படையின் வரலாற்றைத் தொகுத்துவருவோர்